மூன்று தட்டு

அப்பாவின் அக்காவான மாமிக்கு மறிப்பதற்கு ஒரு வாசல் கிடைத்தால் போதும். ஆர்ஷா செருப்பை மாட்டுவதற்குள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"அப்பன் செத்து ஃப்ரீசர் பெட்டிக்குள்ள கிடக்கியாரு. நீ பரீட்சைக்குப் போறியா? ஆள்க்காரு என்ன சொல்லுவாவ?"

"சொல்லட்டு மாமி."

வழுதக்காட்டு பிரெஞ்சு மையத்தில் இன்று வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால்தான் பிரெஞ்சு பேசும் கியூபெக்கில், ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அடுத்த தேர்வு வரும்வரை அந்த மருத்துவமனை காத்திருக்காது.

பக்கவாதத்தில் அப்பா சுவாமிதாஸுக்குப் பேச்சு போனபோது, தெரப்பிஸ்ட் ஒரு வழி சொன்னார். வார்த்தையை உடைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இடது கையால் ஒரு தட்டு. தண்-ணீர். ரத்-னா-பாய். பிரெஞ்சு வினைச்சொற்களை ஆர்ஷா படித்ததும் அப்படித்தான். ஒரே கட்டிலில் உட்கார்ந்து இருவரும் தட்டினார்கள். 'நூ பார்-லோன்', நாம் பேசுகிறோம். மூன்று தட்டு. அது அப்பாவுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கெட்டினவளுக்க பேரு வரல்ல, பிரெஞ்சு மட்டும் வருதோ?" என்றுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். ரத்-னா என்பதோடு அப்பாவின் கை நின்றுவிடும். கடைசிவரை அப்படித்தான்.

இப்போது அந்த அம்மாதான் பெட்டியருகிலிருந்து எழுந்து வந்தாள்.

"வழி விடுங்க மைனி. அடக்கம் சாயந்திரமாக்கும். அவ அதுக்குள்ள வந்திருவா."

"ரத்னாபாய், நீயுமா?"

"அவரு கிடந்து தட்டினது இதுக்காக்கும். நீ போ மக்ளே."

தேர்வறையில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஆர்ஷா மேசைக்கடியில் இடது கையால் தொடையைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு வினைச்சொல்லையும் துண்டு துண்டாக, தெளிவாகச் சொன்னாள். ஒன்றைக்கூட விடவில்லை.

திரும்பியபோது போதகர் வந்திருந்தார். பாட்டு தொடங்கியிருந்தது. அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அவருக்க அந்த மூணு தட்டு, சொன்னியா?"

"சொன்னேம்மா."

அம்மா தலையாட்டினாள். பிறகு பெட்டியின் கண்ணாடியில் ஒற்றை விரலால் தட்டினாள்.

"ரத்..."

இன்னொரு தட்டு.

"னா..."

மூன்றாவதற்கு விரலைத் தூக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தபடி, இறக்காமல் வைத்திருந்தாள்.