வீடு பூட்டியிருந்தது

செவ்வாய்க்கிழமை வந்தால் தையல்காரி தன் மெஷினுக்கு உறை போட்டுவிடுவாள். ஏழு மாதமாக அப்படித்தான். மாடிக்குப் போய்ப் புருஷனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மாத்திரை, ஃபோன் எல்லாவற்றையும் வைப்பாள். கீழே வந்து வாசல் கேட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் பஸ்ஸுக்கு நடப்பாள். மேலே ஒரு மனுஷன் எழுந்து நடக்க முடியாமல் தனியாகக் கிடக்கிறான், எவனாவது உள்ளே புகுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. பாதித் தெரு போன பிறகு பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்த நாளும் உண்டு.

வீடு என்னவோ சொந்த வீடுதான். ஆனால் ஒரு ஆள் கையை விரித்து நின்றால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும் என்று அவர் கேலி செய்வார். கீழே முன்னறையில் தையல், பின்னால் சமையல். படுக்கையும் குளியலறையும் மாடியில். நடுவில் பதினான்கு படி. அவர் பெயிண்டர். போன வருஷம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தார். உயிர் தப்பியதே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே பாதி உணர்ச்சிதான் திரும்பி வந்தது. கூட வேலை செய்த இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றைக்கு ஏறியவர்தான், இன்னும் இறங்கவில்லை.

கீழே ஒரு கக்கூஸும் குளிக்க இடமும் இருந்தால் கட்டிலைத் தையல் அறைக்குக் கொண்டுவந்துவிடலாம். தெருவைப் பார்க்கலாம், வருகிறவர் போகிறவரோடு நாலு வார்த்தை பேசலாம். பின்பக்கம் துணி காயப்போடும் இடம் ஆறடிக்கு எட்டடி சும்மா கிடக்கிறது. ஆனால் சுவர் எல்லையை ஒட்டி வரும் என்பதால் நகராட்சி ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். வரைபடம் கொடுத்தாள். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தாள். பின்வீட்டுக்காரர் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் கொடுத்தாள். கொடுத்ததெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

அங்கே அனுமதி ஃபைல்களைப் பார்க்கும் சீட்டில் இருந்த கிளார்க்குக்கு அவள் 'அடுத்த வாரம்' என்று பெயர் வைத்திருந்தாள். என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான். "சைட் பாக்க ஆள் வரணும்மா. பாத்து எழுதினாத்தான் ஃபைல் மேல போகும். அடுத்த வாரம் பாக்கலாம்." கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. முதல் நாளே கூட்டத்தில் அவள் நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, "செவ்வாய்க்கெழம வாங்கம்மா, அன்னிக்குத்தான் இங்க கூட்டம் இருக்காது" என்று வழி சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவளும் நல்ல யோசனைதான் என்று செவ்வாய் தவறாமல் போனாள். காத்திருக்கும் பெஞ்சில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பலகை கிள்ளும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

வீட்டுக்கு வந்தால் மேலேயிருந்து குரல் வரும். "என்ன சொன்னாரு அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம்னாரு."

ஆரம்பத்தில் இதற்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அறைக்குத் தானே நாற்காலியில் உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கப்போவதாகவும், எட்டாத உயரத்தை மட்டும் அவள் அடித்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் திட்டம் போட்டிருந்தார். என்ன கலர் என்று இரண்டு நாள் சண்டைகூட நடந்தது. அப்புறம் அவர் கலரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். சமீபத்தில் என்ன சொன்னார் அடுத்த வாரம் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். மனுஷன் அலுத்துப்போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அந்த சீட்டில் அடுத்த வாரம் இல்லை. லீவாம். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தாள். நம்பரைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் எழுந்துபோய் ஃபைலை எடுத்து வந்து பிரித்தாள். ஏழு மாதத்தில் அந்த ஃபைலைத் தையல்காரி கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு தடவ ஆள் வந்திருக்காங்களேம்மா" என்றாள் அந்தப் பெண்மணி.

"எங்க வந்தாங்க? வரவே இல்லையே!"

பெண்மணி ஃபைலை அவள் பக்கம் திருப்பினாள். இரண்டு தேதி, இரண்டு கையெழுத்து. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே வரி: வீடு பூட்டியிருந்தது.

"ரெண்டுமே செவ்வாய்க்கெழம" என்றாள் பெண்மணி. "சைட் பாக்கறவங்க செவ்வாய்க்கெழமதான் வெளிய போவாங்க. அதனாலதான் இங்க கூட்டமே இருக்காது. நீங்க வீட்ல இருக்க வேணாமா?"

தையல்காரி அந்தத் தேதிகளை மறுபடி படித்தாள். அவர்கள் அவள் வீட்டு வாசலில் நின்ற நேரத்தில், அவள் இங்கே இதே பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! யாரைத் திட்டுவது? அடுத்த வாரத்தையா, தன்னையா? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "இப்ப என்னங்க பண்றது?" என்று கேட்டாள்.

"வர்ற செவ்வாய்க்கெழம உங்க தெருப்பக்கம் வராங்க. பட்டியல்ல உங்க பேர சேத்து விடறேன். ஆனா மூணாவது தடவையும் பூட்டியிருந்தா ஃபைல மூடிருவாங்கம்மா. அப்புறம் எல்லாம் மொதல்லேர்ந்து."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. வழியெல்லாம் அந்த இரண்டாவது தேதி மண்டையைக் குடைந்தது. எங்கேயோ கேட்ட தேதி. வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அவருடைய முழங்கையில் தோல் உரிந்திருந்த நாள். கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்றார். அவள்தான் மருந்து போட்டுவிட்டாள். கட்டில் சட்டத்தில் இடித்தால் இவ்வளவு நீளத்துக்கு எப்படித் தோல் உரியும் என்று அப்போதே ஒரு சந்தேகம் வந்ததுதான்.

மாடிக்கு ஏறினாள். "பெல் அடிச்சுது இல்ல?" என்றாள்.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மொத தடவ, துணி குடுக்க வந்தவங்கன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கோம்னு கத்தினாங்க. நானும் கத்தினேன். ஜன்னல் பின்பக்கம் பாத்து இருக்கு, எங்க கேக்கும்? சரின்னு படிக்கு வந்து நாலு படி எறங்கிட்டேன். அதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு. அந்த நாலு படி திரும்ப ஏறறதுக்குள்ளதான் முழங்க உரிஞ்சிருச்சு."

"நாலு படி எறங்கினீங்களா? உருண்டிருந்தா? சரி, எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமில்ல? அதுக்கப்புறம் ஏழு செவ்வாய்க்கெழம போயிருக்கேன். ஏழு! கால் தேய அலையறேன், நீங்க வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"ஒரு கதவத் தொறக்க முடியல. இத உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?"

அவளுக்கு வாய்க்கு வந்தபடி கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவும் செய்தாள். அவளே களைத்துப் போனதும் அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு வெளுத்திருந்தது.

அந்த வாரம் முழுக்க இருவருக்குள்ளும் பேச்சு குறைவு. திங்கட்கிழமை மாலை அவள் கேட்டைப் பூட்டிவிட்டு மேலே வந்தபோது அவர் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. இந்தத் தடவ நான்தான் தொறப்பேன்."

"சும்மா இருங்க. நாளைக்கு நான் வீட்லதான இருக்கப்போறேன்."

"குடுன்னா குடேன்."

சின்னப் பிள்ளை அடம்தான். சண்டை வேண்டாம் என்று கொடுத்துவிட்டாள். காலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் மறந்தும் போனாள். ஏழு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாகச் செவ்வாய்க்கிழமை மெஷின் ஓடியது. தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் மிதிப்பதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். அப்படி ஒரு தடவை நிறுத்தியபோது, சத்தம் தெருவில் இல்லை, தலைக்கு மேலே கேட்டது. தொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி தொப்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு, படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதி வந்தாயிற்று. முகமெல்லாம் வியர்வை. கால் இரண்டும் அவருக்குச் சொந்தமில்லாதவை போல முன்னால் நீண்டு கிடந்தன.

"ஐயோ, உங்களுக்கு என்ன பைத்தியமா? எறங்க முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. வர்றவங்க உங்கள இங்க பாத்தா, ஆளு நல்லாத்தான் எறங்கறாருன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க!"

அந்த நேரம் பார்த்து பெல் அடித்தது.

"ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கோம்! வீட்ல யாரு?"

அவள் கேட்டைப் பார்த்தாள். பூட்டு தொங்கியது. "சாவி!" என்றாள். "சாவியக் குடுங்க. குடுத்துட்டு மேல போயிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் கையை எடுத்தால் சரிந்துவிடுவார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இன்னொரு கையால் சட்டைப் பையைத் துழாவினார். "மேல எங்க போறது?" என்றார் மூச்சு வாங்க. "ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாது. வந்து பாக்கட்டும். இதத்தான நீ ஏழு மாசமா எழுதிக் குடுத்துக்கிட்டிருக்க?"

அவர் கையிலிருந்து நழுவிய சாவி படிகளில் துள்ளி விழுந்து, வெட்டிப் போட்டிருந்த துணிக்குள் புகுந்துகொண்டது. அவள் மண்டியிட்டுத் துணியை உதறினாள். வெளியே யாரோ பேப்பரைப் புரட்டும் சத்தம். இன்னொரு குரல், "பூட்டியிருக்கே சார்" என்றது.

"பூட்டல சார்!" அவர் தொண்டை கிழியக் கத்தினார். இவ்வளவு சத்தம் அவருக்குள் மிச்சம் இருந்ததா என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "போயிடாதீங்க! வீட்ல ஆள் இருக்கு!"

சாவி கிடைத்தது. எழுந்து ஓடியவள் வாசல் கதவுக்கிட்டே ஒரு கணம் நின்றாள். பாதி சாத்தியிருந்த கதவைச் சுவரில் முட்டும் வரை தள்ளித் திறந்து, திரும்பச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு துணி மூட்டையை முட்டுக் கொடுத்தாள். பூட்டில் சாவியை நுழைத்துத் திருகினாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற இருவரும் பேனாவைத் திறந்தபடி அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஏழாவது படியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, அவர் மறு கையால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.