மூக்குப் பாரம் ஐம்பது

படுக்கையும் அடுப்புமாகக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் தன் கேரவனை டெஸ்மண்ட் ஹெப்டன் விற்கப் போகிறார் என்றபோது, வடக்கு இங்கிலாந்தின் கீத்லியில் அவரை அறிந்த ஒருவரும் நம்பவில்லை. வீட்டை விற்றாலும் விற்பாரே தவிர அதை விற்கமாட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் பந்தயம் கட்டவே தயாராக இருந்தார். ஆனால் விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. லீட்ஸிலிருந்து ஓர் இளம் ஜோடி சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பார்க்க வருவதாகவும் சொல்லிவிட்டது.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டெஸ்மண்டிடம் ஒரே பதில்தான். மனைவி பெரிலுக்கு மார்ச் மாதம் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கேரவன் படி உயரம், இனி அவளால் ஏறி இறங்க முடியாது என்பார். பக்கத்திலேயே உட்கார்ந்து பெரில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார், வாயைத் திறக்கமாட்டார். பெரில் வாயைத் திறக்காமல் இருப்பது அந்த வீட்டில் லேசுப்பட்ட சங்கதி இல்லை. டெஸ்மண்டுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவர் சொன்னது பச்சைப் பொய். நிஜக் காரணம் அவருடைய கைகள்.

மே மாதம், பெரில் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும், வழக்கம்போல ஃபைலி கடற்கரைக்குக் கிளம்பினார்கள். யார்க் தாண்டி ஓர் இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று அவர்களை முந்திப் போனது. பின்னால் கேரவன் வால் ஆட்ட ஆரம்பித்தது. முதலில் மெல்ல ஆடியது, பிறகு காரையே இடமும் வலமுமாக இழுத்தது. டெஸ்மண்ட் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அது தானாக அடங்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தார். அடங்கியது. திரும்பி வரும்போது பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்க அடிக்க, மணிக்கு நாற்பது மைலைத் தாண்டாமல் ஊர்ந்து வந்தார்.

முப்பத்தொரு வருடத்தில் அந்த வண்டி ஒருமுறைகூட அப்படி ஆடியதில்லை. போன இலையுதிர்காலத்தில் கார் மாற்றியிருந்ததால் முதலில் காரைச் சந்தேகப்பட்டார். இணையத்தில் தேடினார், கையேட்டை மூன்று முறை படித்தார். பழைய காரைப் போலவே இதுவும் கொக்கியில் எழுபத்தைந்து கிலோ வரை தாங்கும். டயர்களைப் பார்த்தாகிவிட்டது, கொக்கியைப் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரி. மூக்குப் பாரமும் வழக்கம்போல ஐம்பது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஓட்டுகிறவன்தான். எழுபத்து மூன்று வயதில் கை தளர்ந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

கேரவன் இழுக்காதவர்களுக்கு மூக்குப் பாரம் என்றால் சிரிப்புதான் வரும். இழுக்கிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கேரவனின் முன்மூக்கு கார்க் கொக்கியின்மேல் எவ்வளவு கனமாக உட்கார்கிறது என்பதுதான் விஷயம். அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கிப்போகும், குறைந்தால் கேரவன் வாலாட்டும். முதல் வருடக் கோடையில் டெஸ்மண்ட் கூடாரத் துணியையும் கேஸ் சிலிண்டரையும் மடக்கு நாற்காலிகளையும் முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அறுபதில் கார் அமுங்கியது, நாற்பதில் கேரவன் ஆடியது. ஐம்பதில் வெண்ணெய்போல வந்தது. அன்று முதல் அவருக்கு ஐம்பதுதான் வேதவாக்கு.

ஒவ்வொரு பயணத்துக்கு முந்தைய நாளும் அது ஒரு சடங்கு. குளியலறையில் பெரில் எடை பார்க்கும் தராசு வாசலுக்கு வரும். துடைப்பக் கம்பிலிருந்து அளவாக அறுத்த துண்டு ஒன்று அதன்மேல் நிற்கும், அதன்மேல் கேரவனின் மூக்கு உட்காரும். டெஸ்மண்ட் மண்டியிட்டு முள்ளைப் பார்ப்பார். அந்த நேரத்தில் பெரில் உள்ளே, பின்பக்கச் சமையல் மேடையில் டீ போட்டுக்கொண்டிருப்பார். ஐம்பது வந்ததும் ஜன்னல் வழியாக இரண்டு கோப்பைகள் வெளியே நீளும். எத்தனையோ மழையிலும் வெயிலிலும் அப்படிக் குடித்த டீயின் ருசியை நினைத்தால் டெஸ்மண்டுக்கு இப்போதும் நெஞ்சு கனத்தது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த வருடங்கள், அவர்கள் வர மறுத்த வருடங்கள், பிறகு இவர்கள் இரண்டே பேராகப் போன வருடங்கள், எல்லாம் அந்த டீயோடுதான் தொடங்கின.

இந்த மே மாதச் சடங்கின்போது மட்டும் பெரில் உள்ளே ஏறவில்லை; பயணத்தில் ஏற வேண்டியபோதெல்லாம் டெஸ்மண்ட்தான் தாங்கி ஏற்றினார். வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை வந்த இளைஞன் பெயர் ரீஸ். அவனோடு வந்தவள் கெய்லி. கேரவன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை என்று ரீஸ் ஒரு பட்டியலைக் கைபேசியில் வைத்திருந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு, மூக்குப் பாரம் பார்த்துக் காட்ட முடியுமா என்று கேட்டான். டெஸ்மண்டுக்கு விற்கும் துக்கத்திலும் ஒரு பெருமை வந்தது. தராசை எடுத்து வந்தார், மண்டியிட்டார், முள் ஐம்பதில் நின்றது.

"கண்ண மூடிக்கிட்டு வச்சாலும் ஐம்பதுதான் வரும்," என்றார்.

அவர் வாய் மூடவில்லை, முள் இறங்கியது. முப்பத்து நாலு. தராசைத் தட்டினார். முப்பத்து நாலுதான். புல்தரையில் நாற்காலியில் இருந்த பெரில் எட்டிப் பார்த்தார். அதற்குள் முள் மறுபடி ஐம்பதுக்கு ஏறியது, கெய்லி கேரவனிலிருந்து இறங்கி, சமையல் மேடை அழகாக இருக்கிறது என்றாள்.

டெஸ்மண்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இன்னொரு தடவ உள்ள போய் அந்த அடுப்புகிட்ட நிக்கிறியா?"

அவள் போய் நின்றாள். முப்பத்து நாலு.

டெஸ்மண்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சீசாப் பலகையின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்பும் என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். கேரவனின் நடுவில் இருக்கும் சக்கரத்துக்குப் பின்னால் ஆள் நின்றால் மூக்கு லேசாகும். முப்பத்தொரு வருடமாக அவர் ஐம்பது பார்த்தபோதெல்லாம் பெரில் பின்னால் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து காரில் உட்கார்ந்துகொள்வார். கெய்லியைவிடப் பெரில் கனம்; சாலையில் ஓடிய மூக்குப் பாரம் கிட்டத்தட்ட எழுபது. மே மாதம் பெரில் வெளியே இருந்தார், அதனால் அது முதல் தடவையாக நிஜமான ஐம்பது. அதுதான் ஆடியது.

"என்ன டெஸ், எதுவும் உடைஞ்சுபோச்சா?" என்று பெரில் கேட்டார்.

டெஸ்மண்ட் சொன்னார். திக்கித் திக்கி, இரண்டு தடவை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. பெரில் கேட்டு முடித்துக் கம்பைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

"அப்போ இத்தன வருஷமா டீ போட்டதும் நான், வண்டிய நேரா ஓட வச்சதும் நான்."

"நீ இல்ல பெரில். உன்னக் கணக்குல சேர்க்காம நான் பண்ண தப்பு அது."

"நான் சொன்னதும் அதேதான்."

ரீஸுக்குச் சிரிப்பு வந்தது. கெய்லி அவன் முழங்கையை இடித்தாள். டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. எழுந்து பெரிலின் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றார். பக்கத்தில் அந்நியர் இருப்பதையும் மறந்துவிட்டார்.

"உன் முழங்காலுக்காக விக்கலை. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன், பொய். என் கைதான் போச்சுன்னு நினைச்சேன். அன்னிக்கு ரோட்டுல உன்னக் கொன்னுருப்பேனோன்னு தினமும் ராத்திரி நினைப்பேன்."

பெரில் கம்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"மூணு வாரமா நான் என் காலத் திட்டிக்கிட்டு இருக்கேன், டெஸ். உன் சந்தோஷத்த நான்தான் கெடுத்துட்டேன்னு. டாக்டர் யாரும் தாங்காமலே படி ஏறலாம்னு சொல்லிப் பத்து நாள் ஆச்சு. இனி எதுக்கு ஏறணும்னு விட்டுட்டேன்."

 தன் பொய்யின் கனம் யார்மேல் உட்கார்ந்திருந்தது என்று அப்போதுதான் டெஸ்மண்டுக்குத் தெரிந்தது.  

வண்டி விற்பனைக்கு உண்டா இல்லையா என்று ரீஸ் மெதுவாகக் கேட்டான். பதில் பெரிலிடமிருந்து வந்தது. இவ்வளவு தூரம் வந்ததற்கு மன்னிக்க வேண்டும், டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, கேரவன் வாசலுக்கு வந்து, கைப்பிடியைப் பற்றி நல்ல காலை முதலில் படியில் வைத்தார். டெஸ்மண்ட் தாங்கப் பாய்ந்தார்.

"என்னப் பாக்காத. நீ தராசப் பாரு," என்றார் பெரில்.

புது முழங்கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஏறிவிட்டது. உள்ளே தரைப் பலகை கிறீச்சிட்டது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டெஸ்மண்ட் பழையபடி மண்டியிட்டார்.

"எவ்வளவு காட்டுது?" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

முள் கீழே இறங்குவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. டெஸ்மண்ட் கையால் கண்ணைத் துடைத்துப் பார்த்தார், மறுபடி நிறைந்துவிட்டது.

"தெரியல பெரில்," என்றார். "அங்கேயே கொஞ்ச நேரம் நில்லு."