முன் வரிசை

யூனிஸ் குளியல் துண்டுகளைக் கொடியில் போட்டதும் கிளெண்டாவின் ஜன்னலில் கடல் காணாமல் போயிற்று. இரண்டாம் வரிசைக்கு வாய்த்த கடலே அவ்வளவுதான். முன் வரிசையில் நாத்தனார் யூனிஸின் கேரவனுக்கும் அடுத்த கேரவனுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சாண் எதுவோ அசையும். யார்க்‌ஷர் கடற்கரை முழுக்கக் காற்றடித்தாலும் அந்தச் சந்துக் காற்றில்தான் துணி நன்றாகக் காயும் என்பது யூனிஸின் கண்டுபிடிப்பு.

இந்தக் கேரவன் எங்கும் போகாத வண்டி. சக்கரம் உண்டு, ஓடாது. சமையலறை உண்டு, ஆனாலும் வீடில்லை. குளிர்காலத்தில் கேரவன் பார்க் மேனேஜர் தண்ணீரை நிறுத்தி எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார். பெட்டி நம்முடையது, அது நிற்கும் புல் அவர்களுடையது, புல்லுக்கு வருஷ வாடகை. வாங்கும் முன்பே கிளெண்டாவின் கணவர் ட்ரெவர் இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் அவருடைய அக்கா ஏற்கெனவே வாங்கிவிட்டாள் என்ற ஒரே சாதகம் அத்தனை பாதகங்களையும் அடித்துப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் யூனிஸ் தன் மரத்தளத்தில் தேநீருக்கு அழைப்பாள். "வா கண்ணு, நீயும் கொஞ்சம் கடலப் பாத்த மாதிரி இருக்கும்."

அந்தக் கரை களிமண். ஒவ்வொரு குளிர்காலமும் கடல் கொஞ்சம் தின்னும். முன் வரிசை நிலம் போனால் இரண்டாம் வரிசைதான் முன் வரிசை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விளிம்பைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பதோடு சரி. ஜனவரியில் ஊரில் படுத்துக்கொண்டு புயல் ஓசை கேட்கையில் கிளெண்டா கடலிடம் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு இதமாகத் தூங்கினாள்.

மார்ச்சில் பார்க் திறந்தபோது முன் வரிசையே இல்லை. விளிம்பு நெருங்கிவிட்டதென்று டிராக்டர் வைத்து இழுத்து, எல்லாவற்றையும் பின்புல்வெளிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கிளெண்டா எலுமிச்சை கேக் ஒன்று செய்துகொண்டு துக்கம் விசாரிக்கக் கிளம்பினாள்.

பின்புல்வெளியின் வாத்துக் குட்டையருகே காற்றே இல்லை. யூனிஸின் கணவர் டெஸ்மண்ட் சட்டைக் கையை மடித்துவிட்டு வெயில் காய்ந்தார். பக்கத்து நாற்காலியில் பீரும் கையுமாக ட்ரெவர்.

"ராத்திரி ஆடவே மாட்டேங்குது கண்ணு, கட்டை மாதிரி தூங்கறோம்" என்றாள் யூனிஸ். "இதுக்கு இப்ப ஏரிக்கரைன்னு பேரு. புதுசா வர்றவங்களுக்கு வாடகையும் ஜாஸ்தி. எங்களுக்கு மட்டும் பழைய வாடகைதான்."

ஏரியில் இரண்டு வாத்துகள் இடித்துக்கொண்டு திரும்பின. கிளெண்டா சிரித்திருக்கலாம். ஆனால் அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"பக்கத்துல இடம் ஏதாவது இருக்கா?"

யூனிஸ் கேக்கை நிதானமாக வெட்டினாள்.

"இருந்துச்சு. உங்க பின்னாடி இருந்தாளே மாக்சின், அவ நேத்து வாங்கிட்டா. மேனேஜர் உனக்கு வேணுமான்னு எங்கிட்டத்தான் கேட்டாரு. கிளெண்டா முன் வரிசைக்காக எத்தனை வருஷமா உயிர விடறா, அவளப் போய் நகத்தாதீங்கன்னு நாந்தான் சொன்னேன்."

ட்ரெவர் பீரைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது கிளெண்டாவின் ஜன்னல் முழுக்கக் கடல். ஆனால் கண்ணாடியில் உப்பு படிந்து வெள்ளையாக இருந்தது. வாசலுக்கு எதிரே யூனிஸின் கேரவன் நின்ற இடத்தில் நீள்சதுரமாகப் புல் மஞ்சளித்துக் கிடந்தது. அதன் ஒரு மூலை விளிம்போடு உடைந்து கீழே போயிருந்தது. கிளெண்டா ஒரு நாற்காலியை இழுத்துவந்து அந்த மஞ்சள் புல்லின் நடுவில் போட்டாள். கூந்தல் முகத்தில் அடிக்க, கடலுக்கு முதுகைக் காட்டி, குட்டை இருக்கும் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.