இழுவாளின் மறுபிடி

கிழக்கு வெளுக்கும் முன்பே காப்புக்காட்டில் மரம் அறுக்கும் இழுவாளின் சத்தம் தொடங்கிவிட்டது. ஒரு பிடியில் சவுரிராயன், மறுபிடியில் அவன் தங்கை புருஷன் மாசிலாமணி. இழுக்கலாம், தள்ளக்கூடாது. தன் முறை முடிந்ததும் கையைத் தளர்த்தி எதிராளிக்கு விட்டுவிட வேண்டும். பச்சை மரத்தின் துவர்ப்பு நெடி மூக்கில் ஏறியது. மரத்தூள் வியர்வையில் ஒட்டி முதுகெல்லாம் அரித்தது.

உலக யுத்தத்தால் நிலக்கரி வரத்துக் குறைந்து, விழுப்புரத்தில் ரயில் எஞ்சினுக்கு எரிக்கும் விறகுக்கு ஏகக் கிராக்கி. காண்ட்ராக்டர் தாண்டவராயன் ஏலம் எடுத்த காடு எல்லைக்கல்லோடு முடிந்தது. அவருடைய ஆசை முடியவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கமும் மேஸ்திரி மரங்களுக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனான். சுண்ணாம்பு பூசிய மரத்தை வெட்ட வேண்டியது கூலிக்காரர் வேலை. கல்லைத் தாண்டுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியும். வாயைத் திறந்தால் மறுநாள் அடுப்பு எரியாது.

திடீரென்று ஃபாரஸ்ட் கார்டின் விசில் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். சவுரிராயனும் ஓடினான். மாசிலாமணி மட்டும் நின்றுவிட்டான். பாதி அறுபட்ட மரத்துக்குள் வாள் சிக்கியிருந்தது. அது காண்ட்ராக்டரின் வாள். தொலைந்தால் கூலியில் பிடிப்பார்கள். முதலாளியின் சொத்தைக் காப்பாற்றப் போய் அந்தப் பாவி மனுஷன் அகப்பட்டுக்கொண்டான்.

செய்தி சொல்ல மாசிலாமணியின் பெண்டாட்டி லூர்துமேரியும் அண்ணன் சவுரிராயனும் விறகுக் கிடங்குக்குப் போனபோது, தாண்டவராயன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“அவன் என் வாளைத் திருடிக்கினு போனவன். கார்டுகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்.”

“திருடுனாரா? அத உருவப் போய்த்தானே ஆண்டே மாட்டிக்கினாரு!” என்றாள் லூர்துமேரி.

“வாயை மூடு. எவனாவது கோர்ட்டுப் பக்கம் வந்தீங்க, அப்புறம் காட்டுல வேலை கிடையாது. நீங்களும் உள்ளேதான் போவீங்க.”

சவுரிராயன் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான்.

லூர்துமேரி தெருவிலேயே அவனை நிறுத்தினாள். “வக்கீல் குமாஸ்தாவக் கேட்டேண்ணா. மரம் திருடி விக்கிறதே அவரு பொழப்புன்னு கேசு எழுதிட்டாங்களாம். ஜெயிலாம். மொத தடவ, அதுவும் கூலிக்கு வெட்டுனவருன்னு தெரிஞ்சா கண்டிச்சு வுடவும் எடம் இருக்குதாம். அத யாரு போய்ச் சொல்றது? அவரு ஒம் பேரச் சொல்லலேண்ணா. யாரு பேரயும் சொல்லலே.”

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அன்று பொழுது சாய, கூட வெட்டியவர்களை ஓடைக்கரையில் கூட்டினான்.

“நாமளும் உள்ள பூட்டா புள்ளைங்களுக்குக் கூழு யாரு ஊத்துவா?” என்றான் ராஜாங்கம்.

விறகு கட்டும் கோவிந்தம்மாள் சீறினாள். “இப்ப அவன் புள்ளைங்களுக்கு யாரு ஊத்துறா? நாளைக்கு ஒன்னப் புடிச்சாலும் இதே கததான்.”

“எல்லாரும் போனா எல்லாரையும் திருடன்னு சொல்ல முடியாது,” என்றான் சவுரிராயன். “யாரும் வரலேன்னாலும் நான் போறேன்.”

திண்டிவனம் கோர்ட்டில் வாள் மேஜைமேல் கிடந்தது. தாண்டவராயனுக்கு உட்கார நாற்காலி. மாசிலாமணி கூண்டில் நின்றான். தாடி வளர்ந்து முகம் ஒடுங்கியிருந்தது.

“நீ ஒருத்தனே வெட்டினாயா?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

“ஆமாங்க.”

சவுரிராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான்.

“இல்லீங்க சாமி. அந்த வாளுக்கு ரெண்டு பிடி இருக்குது பாருங்க. இன்னொண்ணு எங் கையில இருந்துச்சு. வாளக் குடுத்தது காண்ட்ராக்டரு. சுண்ணாம்பு பூசுனது அவரு மேஸ்திரி. தப்புதாங்க. எங்களுக்கு இதான் மொத தப்பு. கூலிக்குச் செஞ்சோம். அதுக்குத் தகுந்தாப்ல தண்டன குடுங்க. எங்க எல்லாருக்கும் குடுங்க.”

“பொய்!” என்று தாண்டவராயன் துள்ளி எழுந்தார்.

“நானுந்தாங்க வெட்டுனேன்,” என்று பின்னாலிருந்து ராஜாங்கத்தின் குரல் வந்தது. “கட்டுனது நானுங்க,” என்றாள் கோவிந்தம்மாள். அப்புறம் யார் யாரோ பேசினார்கள். கூண்டுக்குள் மாசிலாமணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். வாளை ஒருமுறை பார்த்தார். மறுநாள் விசாரிப்பதாகச் சொல்லி எழுந்துகொண்டார். மாசிலாமணியை மறுபடி லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் விடிந்தபோது காப்புக்காட்டில் வாள் சத்தம் இல்லை. கோர்ட்டுக் கதவு திறக்க இன்னும் நேரமிருந்தது. அதன் முன்னால் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.