குடத்தில் விழுந்த சங்கு

எங்கள் குப்பத்தில் ஓடு வேய்ந்த வீடு எங்களுடையது மட்டும்தான். அதனால் அதற்கு அரண்மனை என்று பெயர். எனக்கு இளவரசி என்று பெயர். பழவேற்காட்டு ஏரிக்கரையில், காலையில் கதவைத் திறந்தால் நண்டு ஓடும் அரண்மனை அது.

என் அப்பா, நைனா வீரராகவன்தான் குப்பத்துப் பெரியவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே பட்டத்தில் இருந்தவர்கள். மற்ற பெண்கள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். நான் போகக்கூடாது. பெரியவர் மகள் கூடை தூக்கினால் பரம்பரை கௌரவம் போய்விடுமாம். அந்தக் கௌரவத்தைச் சுமந்தே எனக்குக் கழுத்து வலித்தது.

நைனாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. என்னைக் கட்டுகிறவன்தான் அடுத்த பெரியவர். சுண்ணாம்புக்குளத்துப் பெரியவர் மகன் கோதண்டத்தைப் பேசி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த கோதண்டம், என்னைவிட எங்கள் கூரையைத்தான் அதிக நேரம் பார்த்தான். அது எழுபத்தெட்டாம் வருஷம். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது.

அந்த ஆடித் திருவிழாக் கூத்தில் துளசிங்கத்துக்கு ராணி வேஷம். நல்ல வலைக்காரன், ஒல்லி உடம்பு. வேஷத்துக்காக மீசையை எடுத்துவிட்டு, வலை காயப்போடும் மணலில் மத்தியானம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நடந்த நடையைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இன்னா சிரிப்பு?" என்றான்.

"எந்த ராணி இப்டி இடுப்ப ஒடிச்சிக்கினு நடப்பா?"

"உன்னப் பாத்துதான் நடக்கிறேன். நீ குனிஞ்சு நான் பாத்ததே இல்ல. காலுக்குக் கீழ இன்னா கெடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? ராணின்னா அதானே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து முற்றத்தில் நடந்து பார்த்தேன். பாவி, சரியாகத்தான் சொல்லியிருந்தான்.

மறுநாள் சண்டை போடத்தான் போனேன். அதற்கு மறுநாள் போனதற்குச் சாக்கு எதுவும் இல்லை. கூப்பிடு தூரத்தில் நின்றபடியேதான் பேசினோம். ஒரு நாள் அவன், "உனக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டான். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பதில் தெரியாமல் விழித்தேன். அழுகையே வந்துவிட்டது.

பதிலைத் தேடித்தான் மறுநாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லாப் பெண்களோடும் ஏரியில் இறங்கினேன். சேற்றைத் தடவினேன். உள்ளங்கையில் ஓர் இறால் துடித்தது. நான் போட்ட கூச்சலில் கரையில் இருந்த துளசிங்கம் பதறி ஓடி வந்தான். விஷயம் தெரிந்ததும் அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். இவனைத்தான் பிடிக்கும், இந்தத் தண்ணீரைத்தான் பிடிக்கும் என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

அன்று சாயங்காலமே செய்தி நைனாவின் காதுக்குப் போய்விட்டது. அவர் கத்தவில்லை.

"நாளைக்குப் பாடு போடுறோம்," என்றார். "கோதண்டத்துக்குச் சரின்னு சொல்லு. இல்லன்னா துளசிங்கம் குடத்துகிட்டயே வரக்கூடாது."

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை விட முடியாது. கோயில் முன்னால் ஒரு மண்குடம் வைப்பார்கள். ஒவ்வொரு வீடும் தன் அடையாளத்தை அதில் போடும்; ஒரு வீட்டுக்குப் புளியங்கொட்டை, இன்னொரு வீட்டுக்கு ஓட்டாஞ்சில்லு. பெரியவர் கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுப்பார். எடுக்கும் வரிசைப்படி இடம். அதுதான் பாடு. அடையாளம் விழாத வீட்டுக்கு அந்த வருஷம் ஏரியே கிடையாது; ஊரை விட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

ராத்திரி முழுக்க அந்தக் குடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண் வர முடியாத வீட்டுக்கு அந்த வீட்டுப் பெண் போடலாம் என்பது முறை. ஆனால் தாலி அறுத்தவள் கை படக்கூடாது. துளசிங்கத்துக்கு இருப்பது அம்மா கஸ்தூரியம்மாள் மட்டும். அவளோ புருஷனை இழந்தவள். நைனா கணக்காகத்தான் அடைத்திருந்தார். மருமகள் என்ற ஒரு வழியை மட்டும் அடைக்கவில்லை. அந்த வழியில் தன் மகள் நடப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

விடிந்ததும் துளசிங்கத்தின் குடிசைக்குப் போனேன். "உங்க வூட்டு அடையாளத்தக் குடு. நான் போடுறேன்," என்றேன்.

கஸ்தூரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மருமவதான்டி போடணும்."

"தெரிஞ்சுதான் கேக்கிறேன்."

"அரமனையில பொறந்தவ. கூடை தூக்குவியா?"

"தூக்கிப் பாத்துட்டு சொல்றேன், அத்தை."

துளசிங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குப் பாடு வேணும்னு இதைச் செய்யாத. நான் எங்கனா போய்ப் பொழச்சுக்குவேன். போட்டா திரும்ப முடியாது, தெய்வநாயகி."

"எனக்கு இன்னா புடிக்கும்னு கேட்டியே. இதான் பதில். உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லு, போய்டறேன்."

அவன் மாடத்தில் இருந்த சின்னக் கறுப்புச் சங்கை எடுத்து என் கையில் வைத்தான்.

கோயில் முன்னால் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். நான் நடந்து வந்ததும் விலகி வழிவிட்டார்கள். நைனா குடத்துக்குப் பின்னால், தலையில் பட்டுத் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து சங்கைப் போட்டேன். அது டங்கென்று விழுந்தது.

"எட்றா அதை!" என்று யாரோ கத்தினார்கள். யாரும் எடுக்கவில்லை. குடத்தில் விழுந்ததைப் பாடு முடியும்வரை யாரும் திருப்பி எடுக்கக்கூடாது. அந்த முறையைக் காப்பாற்றத்தான் நைனாவுக்குப் பட்டமே.

நைனா கண்ணை மூடி எடுக்க ஆரம்பித்தார். எடுத்ததும் வீட்டின் பெயரைச் சொல்வார், "யார் இருக்கீங்க?" என்பார். அந்த வீட்டார் பதில் சொல்வார்கள்; ஊர் முன்னால் அப்படிச் சொன்னவர் அந்த வீட்டு ஆள்தான், பிறகு மாற்றமில்லை. முகத்துவாரம் போயிற்று, ஆழமான இடங்கள் எல்லாம் போயின. சங்கு மட்டும் வரவே இல்லை. கடைசியில் குடத்தில் அது ஒன்றுதான் மிச்சம். ஏரியில் மிச்சம் இருந்தது யாரும் விரும்பாத சேற்று மூலை.

நைனா கையை உள்ளே விட்டார். கை வெகுநேரம் வெளியே வரவில்லை. அவர் எழுந்து போயிருக்கலாம். அப்படிப் போனால் அதோடு பட்டமும் போகும். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம் தெரிந்தது. எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. ஆனாலும் நான் நகரவில்லை.

சங்கை எடுத்து உயர்த்தினார். "கஸ்தூரியம்மா வூடு," என்றார். "யார் இருக்கீங்க?"

"மருமவ இருக்கேன்," என்றேன்.