இடப்பக்கம் விழாத பாய்

தென்கோளத்தில் குளிர் உறைக்கும் ஜூலை மாதத்தில் வாரில் முனைக் கடற்கரையில், ஒருத்தி வேனின் முன்சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் பூசணி சூப்போடு கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் அது கிளெனிஸ்தான். பதினேழு குளிர்காலமாக அவளுக்கு இதே வேலை. தென்மேற்குக் காற்று கிளம்பினால் கணவன் நெவிலுக்கு வீட்டில் கால் தரிக்காது. நின்றபடி கடலில் ஓட்டும், பாய் பொருத்திய பலகையை வேனில் ஏற்றிவிடுவான். தண்ணீரில் இறங்குகிறவனைக் கரையிலிருந்து ஒருவராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். நெவிலைப் பார்ப்பது கிளெனிஸ்.

சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போக வேண்டுமே. பக்கத்து வேன் ஷோனாவோடு ரம்மி ஆடினாள். ஆயிரம் துண்டுப் படங்களை அட்டைமேல் சேர்த்தாள், கலைத்தாள், மறுபடி சேர்த்தாள். கிளிஞ்சல் பொறுக்கினாள், வீட்டில் வைக்க இடமில்லாமல் அதே மணலில் கொண்டுவந்து கொட்டினாள். ரம்மி அலுத்தது, கடல் அலுத்தது. உண்மையைச் சொன்னால் நெவிலும் கொஞ்சம் அலுத்திருந்தான்.

அவளுக்கு இருந்த ஒரே பிடி ஒரு வாக்கு. நாலு வருடத்துக்கு முன், வடக்கே குளிரே தெரியாத டவுன்ஸ்வில்லில், அவள் தங்கை வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் நெவில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "என்னால பலகை மேல நிக்க முடியலன்னா அன்னிக்கே சொல்லிடறேன், கிளென். வீட்டை வித்துட்டு இங்கயே வந்துடலாம். வருஷம் பூரா வெயில் காய்ஞ்சுக்கோ."

அதிலிருந்து கிளெனிஸ் கடலைப் பார்த்தது காவலுக்காக மட்டும் இல்லை. அவன் உடம்பு எப்போது முடியாது என்று சொல்லும் என்றும் பார்த்தாள். வெளியே சொல்லக்கூடிய ஆசையா அது? யாரிடமும் சொல்லவில்லை.

அவள் நேரம், அறுபத்தாறு வயதில் மனிதன் திடீரென்று தேறிவிட்டான். நெவிலின் ஆரஞ்சுப் பாய் இடப்பக்கம் திரும்பினால் தொப்பென்று விழும். அத்தனை வருடமும் விழுந்தது. இந்தக் குளிர்காலத்தில் ஒருமுறைகூட விழவில்லை.

"என்ன கிழவா, வயசு பின்னால போகுதா?"

"மீன் எண்ணெய் மாத்திரை, கிழவி. நீயும் போடுன்னா கேக்கறியா?" என்றான் அவன், சொட்டச் சொட்ட, பல் கிடுகிடுக்க.

இப்போதெல்லாம் பாறைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் இறங்குகிறான். இங்கே பாசி வழுக்குகிறதாம். அவள் அதையும் நம்பினாள். வீட்டில் அவன் கெட்டிலை இடது கையால் தூக்குவதையாவது கவனித்திருக்கலாம். கரையில் அவ்வளவு பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வீட்டில் ஓய்வு வேண்டியிருந்தது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஆரஞ்சுப் பாய் இடப்பக்கம் திரும்பி, ஓர் அலைமேல் ஏறி, அப்படியே ஆகாயத்தில் எழும்பியது.

"ஏய், உன் ஆளு பறக்கறான்டி!" என்று ஷோனா கத்தினாள்.

கிளெனிஸ் தொலைநோக்கியை எடுத்தாள். தலைக்கவசத்துக்குக் கீழே நீளமாக ஒரு பின்னல் ஆடியது. நெவிலுக்குத் தலையில் பெயருக்குக்கூட முடி கிடையாது.

கடலைப் பார்த்துக்கொள்ளும்படி ஷோனாவிடம் சொல்லிவிட்டு, கம்பளியோடு பாறையைச் சுற்றி நடந்தாள். அந்தப் பக்கம் பழைய படகுக் கொட்டகையின் மறைவில், கவிழ்த்துப்போட்ட மீன் பெட்டிமேல் நெவில் உட்கார்ந்திருந்தான். ரப்பர் உடை போட்டிருந்தான். அதில் ஒரு சொட்டு ஈரமில்லை. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வாளி நிறையக் கடல்தண்ணீர்.

அவள் கூப்பிடுவதற்குள் அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பேப்பரை மடித்தான். இடது கையால் வாளியைத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையில் ஊற்றிக்கொண்டான். உடம்பு தூக்கிப்போட்டது. கண்ணைத் திறந்தபோது எதிரே கிளெனிஸ் நின்றாள்.

"எவ்வளவு நாளா?"

"ஏப்ரல்ல இருந்து." வலது கையைத் தூக்கிக் காட்டினான். இடுப்புக்கு மேல் வரவில்லை. "தோள் கிழிஞ்சுபோச்சாம். இனிமே பலகை கிடையாதுன்னுட்டார் டாக்டர்."

"அப்ப கடல்ல யாரு?"

"டானிகா. நாய் ஆஸ்பத்திரியில வேலை பாக்குதே, அந்தப் பொண்ணு. அதுகிட்ட சொந்தமா பாய் இல்ல."

"மூணு மாசமா நாய் ஆஸ்பத்திரிப் பொண்ணுக்காகவா நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

"நல்லாத்தானே ஓட்டுது."

"இந்த ஊரைத் தலைமுழுகிட்டு வரேன்னு வாக்குக் குடுத்துட்டு, நீ இங்க வாளித் தண்ணியில தலை முழுகிக்கிட்டு இருக்க!"

நெவில் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வாளியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இந்தக் குளிரில், இந்த வயதில், மூன்று மாதமாகக் காற்றடித்த நாளெல்லாம் இந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறான். பலகைமேல் உள்ள ஆசையாக இருந்தால்கூட அவளுக்குப் பொறுத்திருக்கும். ஆனால் பலகைதான் ஏப்ரலிலேயே போய்விட்டதே. அவளோடு டவுன்ஸ்வில்லில் போய் உட்காருவதைவிட இது பரவாயில்லை என்று இருந்திருக்கிறான்.

"அங்க எனக்கு என்ன இருக்கு, கிளென்?" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்த்து.

"இங்க எனக்கு என்ன இருந்துச்சு?"

நெவில் மணலைக் காலால் கிளறினான். "சரி. வாக்கு வாக்குதான். எப்பக் கிளம்பலாம்?"

நாலு வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். வந்தபோது சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. கம்பளியால் அவன் தலையைத் துவட்டினாள். காதெல்லாம் நீலம் பூத்திருந்தது.

"முதல்ல நான் மட்டும் போறேன், நெவில். உனக்கா வரணும்னு தோணினா வா. தோணலன்னா வராதே."

நெவில் தலையாட்டினான். கொஞ்சம் சீக்கிரமாகவே ஆட்டிவிட்டான்.