கார்டு இல்லாத பட்டியல்

கடைக்காரர் பட்டியலை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மதர்போர்டு, பிராசஸர், எட்டு ஜிபி ராம், சின்னதாக ஒரு எஸ்எஸ்டி, கேபினெட், பவர் சப்ளை, மானிட்டர், கீபோர்டு, மவுஸ். எல்லாம் என் மனைவியின் கையெழுத்து. கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேபை இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவள். அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

"ஒண்ணு இடிக்குது சார். இந்த பிராசஸர்ல டிஸ்ப்ளே கிடையாது. தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் திரையில ஏதாச்சும் தெரியும். லிஸ்ட்ல கார்டே இல்லையே."

"மறந்திருப்பா."

"மேடமா? ஒரு ஸ்க்ரூ குறைஞ்சாக்கூட திரும்பி வந்து எங்கிட்ட சண்டை போட்டு வாங்கிட்டுப் போறவங்க சார் அவங்க."

நான் அச்சகத்தில் பிழை திருத்தியவன். முப்பது வருடம், விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. இந்தத் தாளை நூறு தடவையாவது படித்திருப்பேன். ஒன்று விட்டுப்போயிருப்பது கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு இரண்டாவதாக இந்தக் கம்ப்யூட்டர் எனக்காகத்தான். பேப்பர் படிக்க, இரண்டு கடிதம் எழுத, பழைய பாட்டுக் கேட்க. அதுவரை எல்லாவற்றுக்கும் அவளுடைய கம்ப்யூட்டர்தான். சாயங்காலம் ஆனால் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பேன். "வந்தாச்சா? கியூல நில்லுங்க" என்பாள், திரும்பாமலே. நான் நிற்பேன். அவள் என்னவோ தட்டிக்கொண்டிருப்பாள். காதுக்குப் பின்னால் ஒரு நரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பட்டியல் போட்டு இரண்டு வருடம் ஓடியது. "விலை இறங்கட்டும், லேசான வேலைக்கு எதுக்குக் கொட்டிக் கொடுக்கணும்" என்று அவள் தள்ளிப்போடுவாள். ஒன்றை அடிப்பாள், அதைவிட மலிவான ஒன்றை மேலே எழுதுவாள். விலை இறங்கியதும் நான் ஒரு குறை கண்டுபிடிப்பேன். கடைசியாகச் சொன்னது, கேபினெட் ரொம்பக் கறுப்பாக இருக்கிறது என்று.

"பொண்ணு பார்க்கவா போறீங்க? பேப்பர் படிக்கிற பெட்டி. கறுப்பா இருந்தா என்ன, செய்தி தெரியாதா?"

"அடுத்த வாரம் பார்க்கலாம்."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கென்று ஒன்று வந்துவிட்டால் நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பேன், நாற்காலிக்குப் பின்னால் எனக்கு இடம் இருக்காது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அடுத்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தது. முழங்கால் மேஜையில் இடித்தது. பக்கத்தில் இருக்கும் பிடியைத் தூக்கிக்கொண்டு லேசாக எழுந்தால் நாற்காலி உயர்ந்துவிடும். கை போகவில்லை. எழுந்துவிட்டேன். எனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டால் அவளுடையது அப்படியே இருக்கும். அதற்காகத்தான் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன்.

கடைக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். "வீட்டுல மேடம் சிஸ்டம் இருக்குல்ல? அதுல இருக்கிற கார்டைக் கழட்டி உங்களுக்குப் போட நினைச்சிருப்பாங்க."

"கழட்டினா அது ஓடுமா?"

"அதோட பிராசஸர்ல டிஸ்ப்ளே இருந்தா ஓடும். இல்லைன்னா இருட்டுதான். மானிட்டர் வயரைக் கார்டுலேருந்து புடுங்கி, போர்டுல குத்திப் பார்த்தாத் தெரிஞ்சுடும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லைன்னா கொஞ்சம் கூடப் போட்டு டிஸ்ப்ளே உள்ள பிராசஸரா எடுத்துக்குங்க சார். அதைத் தொடவே வேண்டாம்."

நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவளுடைய சின்ன ஸ்க்ரூ டிரைவர் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே தூசி மண்டிக்கிடக்கும் என்று நினைத்திருந்தேன். துடைத்துவைத்தது போல இருந்தது. கார்டைப் பெட்டியோடு பிடித்திருக்க வேண்டிய ஸ்க்ரூவைத் தேடினேன். துளை வெறுமையாக இருந்தது.

லேபில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கழற்றினாலும் அதன் ஸ்க்ரூவை அங்கேயே பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதிவிடுவாள். இங்கேயும் ஒட்டியிருந்தாள். தேதியைப் படித்தேன். பழக்கத்தில் எழுத்து எழுத்தாக இன்னொரு முறை படித்தேன். நான் கேபினெட்டின் நிறத்தைக் குறை சொன்ன ஞாயிற்றுக்கிழமை.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கீபோர்டில் பாதிவரை வந்திருந்தது. மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து உருவினேன். ஸ்க்ரூ இல்லாத கார்டு லேசாக ஆடி நின்றது. போர்டில் அதே வடிவத்தில் ஒரு துளை காத்திருந்தது. வயரைக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்திருந்த அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.